மாப்பிள்ளை ஏறிய குதிரை

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் போகும் பேருந்தில், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் பாயை ஒரு மாப்பிள்ளையின் மாமா பிடித்துக்கொண்டார். இருவரும் எனக்கு முன்சீட்டில்.

"நல்ல குதிரை கொடுத்தீங்க பாய்! எங்க மாப்பிள்ளை பிரான்ஸ்ல குதிரை ஏறிப் பழகுனவரு. அவரையே சாக்கடையில தள்ளிடுச்சு."

"மிரளுற குதிரை, சரவெடி வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேங்களே."

"வெடி இல்லாம ஊர்வலமா? சாவுக்கே வெடி போடுற ஊரு இது."

"தெரியுங்க. அதனாலதான் அது ரெண்டு காதுலயும் பஞ்சு அடைச்சுக் கூட்டியாந்தேன்."

"பெரிய பஞ்சு! அப்பறம் ஏன் மிரண்டுச்சாம்?"

"மொத சரம் வெடிச்சதுமே உங்க மாப்பிள்ளை குனிஞ்சு, அந்தப் பஞ்ச உருவித் தன் காதுல வச்சுக்கிட்டாருங்க."