ஒரு குண்டு, ரெண்டு சத்தம்

ஓடுறேன். எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுறாங்க. நான் மட்டும் இந்தப் பக்கம் ஓடுறேன். குண்டு எங்க வுழுதோ அங்கயே, நேரா. பின்னாடி ஒருத்தன் சட்டையப் புடிச்சி இழுக்குறான்.

"டேய் செவுடு! எமன் அங்கதான்டா நிக்கிறான்! திரும்புடா!"

டேவிட். ஆம்பூர்க்காரன். என் தோஸ்த். இழுத்துட்டுப் போயி குழில தள்ளுனான். என் மேலயே அவனும் வுழுந்தான். டம். மண்ணு கொட்டுது. வாயெல்லாம் சுண்ணாம்பு.

என் பேரு மணி. எழுத்து வராது. வாய் மட்டும் ஜாஸ்தி. சொல்றேன், எழுதிக்குங்க.

ஆம்பூர்ல தோல் பதப்படுத்துற ஷாப்புல, தோலப் போட்டு சுத்துற டிரம் ஓட்டுனவன் நானு. எடது காது மெஷின் சத்தத்துலயே போய்ட்டுது. ஒரு சத்தம் ரெண்டு காதுக்கும் ஒண்ணா வராதாம். ஒண்ணுக்கு முன்ன, ஒண்ணுக்குப் பின்ன வருமாம். அத வெச்சிதான் மூளை, எந்தப் பக்கம்னு கண்டுபுடிக்குமாம். ஊர்ல டாக்டரம்மா சொன்னாங்க. எனக்குக் காதும் ஒண்ணு. மூளையும் கம்மி. அதான் எமனத் தேடி ஓடுனேன்.

ஆப்பிரிக்காவுல ஒரு நாடு. பேரு வேணாம். அங்க ஒரு தோல் ஷாப்பு. சம்பளம் ஜாஸ்தின்னு ஆறு பேரு போனோம். எல்லாம் ஆம்பூர், பேரணாம்பட்டு ஆளுங்க. போன ரெண்டாவது வருஷம் சண்ட வந்துச்சு. ரோட்ட மூடிட்டாங்க. ஒரு பக்கம் மலை. மலை மேல பீரங்கி. இன்னொரு பக்கம் டவுனு. நடுவுல நாங்க. டவுனுக்குப் போடுறது பாதி எங்க மேல வுழுது.

ஒளியறதுக்கு சுண்ணாம்புக் குழி. தோல்ல முடி போவறதுக்கு ஊற வெக்கிற குழி. காலியாதான் இருந்துச்சு. நாத்தம் மட்டும் காலி ஆவல. "குண்டுல சாவலன்னாலும் இதுல செத்துருவோம்பா"ன்னான் பேரணாம்பட்டு முனுசாமி.

பேஜாரு இன்னான்னா, குழி கிட்ட இருந்து பாத்தா மலை தெரியாது. கட்டடம் மறைக்குது. சத்தம் கேட்டு எறங்கறதுக்குள்ள குண்டு வந்துரும்.

டேவிட்தான் வழி சொன்னான். மலைப்பக்கம், ஆத்தோரம், ஷாப்புக்குத் தண்ணி எறைக்கிற பம்ப் ஹவுஸ். ஒரு கிலோமீட்டர் இருக்கும். மேல டேங்க். அங்க ஏறுனா மலை தெரியும்.

"ஊர்ல கல்லு கோரியில வெடி வெச்சா பாத்துருக்கியா? பொகை மொதல்ல. சத்தம் அப்பறம்."

"ஆமா."

"சத்தம் நடந்து வருதுடா. போனு பறந்து வரும். நான் டேங்க் மேல நிக்கிறேன். மலைல வெளிச்சம் தெரிஞ்சா கத்துறேன். நீ போனைக் காதுலயே வெச்சிக்க."

"நானா? எனக்கு ஒரு காதுதான்டா."

"போனுக்கு ஒண்ணு போதும். ஆண்டவரு உனக்குன்னே செஞ்ச வேல."

போனான். டேங்க்க கம்பியால அடிச்சான். போன்ல டங். நான் எண்ணுறேன். அப்பறம் காத்துல டங்.

"எவ்ளோடா?"

"ஏழு."

"ஏழா? தோலு எண்றியா நீ? டிரம் சுத்துற மாதிரி மெதுவா எண்ணுடா!"

மறுபடி அடிச்சான். மூணு.

"உனக்கு அங்க குழி இல்லயேடா"ன்னேன்.

"டேங்க்குல குதிச்சிடுவேன். நீச்சல் தெரியும்"னான். சிரிச்சான்.

அந்த வாரம் பூரா அப்டிதான். போன்ல அவன் கத்துவான். நான் டிரம் மூடியில அடிப்பேன். எல்லாரும் குழில. அப்பறம்தான் சத்தம் வரும். அந்தக் கொஞ்ச நேரத்துலதான் உயிரோட இருந்தோம்.

வியாழக்கெழம. சாயங்காலம். வெயிலு இருக்கு.

"மணி, இன்னா சாப்ட்ட?"

"காஞ்ச ரொட்டி. செருப்பு அடிக்கலாம் அதுல."

"பத்திரமா வெய்யி. ஆம்பூருக்கு எடுத்துட்டுப் போயி சோல் போட்ரலாம். இந்தா, சார்ஜ் கம்மியா இரு... வருது! எறங்கு! மணி, எறங்கு!"

மூடியில அடிச்சேன். குதிச்சேன். எல்லாரும் குதிச்சாங்க. போனு காதுல.

போன்ல குண்டு சத்தம் பெருசா கேக்காது. பிளாஸ்டிக் கவர கசக்குனா எப்டி இருக்கும். அவ்ளோதான். கர்ர்ர். அப்பறம் ஒண்ணும் இல்ல.

காத்துல இன்னும் சத்தம் வரல. போன்ல டேவிட் போய்ட்டான். காத்துல இன்னும் இருக்கான். எண்ணுறேன். டிரம் சுத்துற மாதிரி. மெதுவா. முடியக் கூடாதுன்னு எண்ணுறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு.

டம்.

குழில முனுசாமி மூச்சு வுட்டான். "அப்பாடா. தூரமா வுழுந்துச்சு"ன்னான். நாலு பேரும் சிரிச்சாங்க. நான் போனைக் காதுல இருந்து எடுக்கல.

மறுநா போயி பாத்தோம். டேங்க் இல்ல. அவன அங்கயே ஆத்தோரம் பொதச்சோம். எனக்கு ஜெபம் தெரியாது. முனுசாமிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி முணுமுணுத்தோம். டேவிட் பாத்திருந்தா வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பான்.

ரோடு தொறந்ததும் ஊருக்கு வந்துட்டோம். அவன் சம்சாரம் ஸ்டெல்லா வாசல்லயே நின்னுச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "அண்ணா, கடைசியா இன்னா சொன்னாரு?"

"எறங்குன்னான்மா."

"அவரு எறங்கலியா?"

வாய் ஜாஸ்தி எனக்கு. அன்னைக்கி எடது காத ஸ்டெல்லா பக்கம் திருப்பிக்கிட்டேன்.

இப்ப ஆம்பூர்ல கல்யாண வூட்டுல வாணம் வுடுறாங்க. வெளிச்சம் பாத்தா எண்ண ஆரம்பிச்சிடுறேன். சத்தம் வர்ற வரைக்கும் யார் கூடவும் பேச மாட்டேன். செவுடுதான, கேக்கலன்னு நெனச்சிக்குறாங்க.

கணக்கு சொல்லி முடிச்சிடுறேன். போனது ஆறு பேரு. வந்தது அஞ்சு. என் எடது காத இதுல சேக்காதீங்க, அது ஆம்பூர்லயே போனது. டேங்க் ஒண்ணு. போனு ஒண்ணு. குண்டு ஒண்ணு.

சத்தம் ரெண்டு தபா. ஆளு ஒருத்தன்தான்.