கிளிசரின் வேண்டாத நடிகர்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, மேடம். எங்கள் வீட்டில் உருப்படியாக ஒரு பேனா கிடையாது. தம்பி எல்லாவற்றின் மூடியையும் கடித்து நசுக்கி வைத்திருப்பான். பாட்டுக்கு வரி சிக்கும்வரை கடித்துக்கொண்டிருப்பான். சிக்கிவிட்டால் எழுதி முடித்த கையோடு பேனாவைத் தொலைத்துவிடுவான். அதனால் முதலில் இந்தப் பேனாவுக்கு நன்றி.

"சுத்தி வளைக்காம எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அம்மா என்மேல் கொடுத்திருக்கும் புகாருக்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் பாட்டு எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

தம்பியை ஊரே கட்டெறும்பு என்று கூப்பிடுகிறது. உங்கள் கான்ஸ்டபிள் ஃபோனில் ரிங்டோனே அவன் பாட்டுதான், உள்ளே வரும்போது கவனித்தேன். அவனுக்குப் பதினேழு வயதாகும்போது அப்பா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு குடும்பம் நடத்தப் போய்விட்டார். அதுவரை நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை, அன்று கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் நாற்பது வரி எழுதினான். அடுத்த வாரம் கல்லூரி விழாவில் அதை ஒரே மூச்சில் ராப்பாகக் கொட்டினான். பக்கத்தில் அவன் சிநேகிதன் பிஸ்கட் டின்னில் தாளம் தட்டினான். அன்றிலிருந்து அவனுக்கு டப்பா என்று பெயர். கறுப்புச் சட்டையும் ஒல்லி உடம்புமாக நின்று ஒவ்வொரு வார்த்தையாகக் கடித்ததால் தம்பி கட்டெறும்பு ஆனான். பாட்டு முடிந்தபோது முதல் வரிசையில் பிரின்சிபால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றே வருடத்தில் அவன் ஏறிய மேடைக்கெல்லாம் கூட்டம் நெரிந்தது. நான் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு அவன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்புறம்தான் சிக்கல் வந்தது. அவன் சந்தோஷமாகிவிட்டான்.

சந்தோஷமான கட்டெறும்பு என்ன எழுதும்? புது ஷூவைப் பற்றி எட்டு வரி எழுதினான். காரைப் பற்றிப் பன்னிரண்டு. தெருவிலிருந்து எடுத்து வந்த நாயின் காதைப் பற்றி ஒரு முழுப் பாட்டு. அவன் காது காது என்று பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் எழுந்து டீ குடிக்கப் போனது. டப்பா முகத்துக்கு நேராகவே சொன்னான்: "மச்சான், எவனாவது உன்னை நல்லா நாலு அறை விட்டாத் தேவலடா." அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாயைப் பால்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீடு ஊருக்கு வெளியே இருக்கிறது. நாய் அங்கே சௌக்கியமாகச் சதை போட்டிருக்கிறது. கேட்டைத் திறந்து போட்டது யார் என்று தம்பி கேட்டான். காற்று என்றேன். மூன்று நாள் சோறு இறங்காமல் தெருத்தெருவாகத் தேடினான். நாலாம் நாள் ஒரு பாட்டு வந்தது பாருங்கள், கேட்டு நானே அழுதேன். அழுதுகொண்டே அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டேன். பொய்யில்லை மேடம், அவன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

அடுத்தது, தம்பியின் முழங்கால் வலிக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண். தங்கமான பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை. அவள் வந்துபோக ஆரம்பித்ததும் வீட்டில் பேனா மூடியெல்லாம் பல் படாமல் பளபளவென்று இருந்தது. ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில், அவன் ஃபோனிலிருந்து அவளுக்கு, இனி வராதே என்று இரண்டு வரி அனுப்பினேன். அவன் எழுதுகிற மாதிரியே எதுகையோடு அனுப்பினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவள் மானமுள்ளவள். மறுபேச்சு இல்லாமல் நம்பரை மாற்றிக்கொண்டாள். ஏழு பாட்டு வந்தது, ஏழும் பிய்த்துக்கொண்டு போனது. அதைக் கேட்டுத்தான் டைரக்டர் எங்கள் வீடு தேடி வந்தார்.

சினிமாவில் முதலில் அவனுக்கு அழ வரவில்லை. கிளிசரின் விட்டால் கண் தக்காளிபோல வீங்கியது. இருபத்திரண்டு டேக் போயிற்று. டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். நான் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, தம்பியை ஓரமாக அழைத்துப்போய், "அந்தப் பொண்ணுக்குக் காலைல கல்யாணம் முடிஞ்சிருச்சாம்டா" என்றேன். அப்போது முடிந்திருக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் முடிந்தது, ஆகவே அதைப் பொய்யில் சேர்க்க முடியாது. ஒரே டேக். லைட் பிடித்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 'கிளிசரின் வேண்டாத நடிகர்' என்று பத்திரிகையில் போட்டார்கள். அதற்கப்புறம் அழுகைக் காட்சி என்றாலே டைரக்டர் மைக்கில், "அக்காவ வரச் சொல்லுங்கப்பா" என்பார். மேக்கப்காரர் பெட்டியோடு வருகிற மாதிரி நான் செய்தியோடு போவேன்.

ஒரு படத்துக்கு டப்பா உதவினான். பாட்டெல்லாம் தான் எழுதிக் கொடுத்தது என்று டப்பா சொல்லித் திரிவதாகத் தம்பியிடம் சொன்னேன். தம்பிக்கு உன் தகரச் சத்தம் சலித்துவிட்டதாம் என்று டப்பாவிடம் சொன்னேன். பத்து வருட சிநேகிதம். இடைவேளைக் காட்சி பிரமாதமாக அமைந்தது.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன்.

நான் மாதக்கணக்கில் பாடுபட்டு அவனைப் பதமாக்கி வைத்தால், அம்மா பத்து நிமிடத்தில் கெடுத்துவிடுவாள். வேண்டுமென்று இல்லை. அவன் போய் மடியில் தலை வைத்துப் படுப்பான். இவள் முடியைக் கோதுவாள். "போதும்டா தங்கம், எதுக்கு இப்படி உன்னையே எரிச்சுக்கற? கொஞ்ச நாள் சும்மா இரேன்" என்பாள். எழுந்திருக்கும்போது அவன் முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். ஒருதரம் நிஜமாகவே, "அக்கா, எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு சைக்கிள் கடை வச்சா என்ன?" என்று கேட்டான். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

பெரிய படம் ஒன்றுக்காகப் பனிமலையில் நாற்பது நாள் படப்பிடிப்பு. கிளைமாக்ஸ் முழுக்க அவன் அழ வேண்டும். நடுவில் பனி கொட்டி ஆறு நாள் ரோடு அடைபட்டது. அந்த ஆறு நாளுக்குள், அம்மா காய்ச்சலில் போய்விட்டாள், எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது, 'எம்புள்ள வேலையைக் கெடுக்காதீங்க' என்பதுதான் அவள் கடைசிப் பேச்சு என்று ஊரிலிருந்து அவன் ஹோட்டலுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். முகம் பார்க்க முடியவில்லையே என்று அவன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. வந்து பார்த்துச் சொல்ல டப்பா இல்லை, அந்தப் பெண் இல்லை, அப்பா எப்போதோ இல்லை. இதையெல்லாம் நான் முன்கூட்டி யோசித்துச் செய்யவில்லை; தானாக அமைந்தது.

அவன் திரும்பி வந்து கடலில் கரைத்த சாம்பல் எங்கள் தெரு பேக்கரி அடுப்பில் வாங்கியது. சுத்தமான விறகுச் சாம்பல்.

அம்மாவை நான் கஷ்டப்படுத்தவில்லை. ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில், ஏரிக்கரையில், காற்றோட்டமான வீடு. அப்பாவைப் பற்றி ஒரு பத்திரிகையில் அவள் பேசியதில் தம்பிக்குக் கோபம், அவனாகக் கூப்பிடும்வரை பார்க்க வரவேண்டாமாம் என்று சொல்லிவைத்தேன். அம்மாவுக்கு ரோஷம் அதிகம். "அவன் கூப்பிட்டா வரேன்" என்று உதட்டை மடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் டிவி இல்லை. ரசிகர்கள் மொய்ப்பார்கள், யாரிடமும் நீ யாரென்று சொல்லாதே என்றேன், சொல்லவில்லை. பதினொரு மாதம் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் கேட்பாள்: "ஏதாச்சும் சொன்னானா?"

படம் ஓடோ ஓடென்று ஓடியது. விருதைத் தூக்கிப் பிடித்து, "அம்மா" என்று ஒரே வார்த்தை சொன்னான். அரங்கமே எழுந்து நின்றது. கை வலிக்கும்வரை நானும் தட்டினேன். அப்பாமேல் பாட்டு, அந்தப் பெண்மேல் பாட்டு, நாய்மேல்கூடப் பாட்டு, இப்போது அம்மாமேல் ஒன்பது. இருநூறு பாட்டில் என்மேல் ஒரு வரி கிடையாது. குறையாகச் சொல்லவில்லை மேடம். நான் அவனை அழவைத்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த படம் நகைச்சுவை. கடைசிக் காட்சியில் அவன் மனம் விட்டுச் சிரிக்க வேண்டும். முப்பது டேக் எடுத்துவிட்டு டைரக்டர் என்னிடம், "பல்லு தெரியுதும்மா, சிரிப்பக் காணோம்" என்றார். அம்மா போனதிலிருந்து அவன் சிரிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. ஏரிக்கரைப் பல் டாக்டர் கிளினிக்கில் பெரிய டிவி மாட்டியிருக்கிறது. தம்பி, செத்துப்போன அம்மாவை நினைத்து அழும் பேட்டியை இன்று பதினொரு மணிக்கு மறுபடி போடுவதாக இருந்தார்கள். பத்தே முக்காலுக்கு நான்தான் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தேன். அவன் தன்னை நினைத்து அழுவதைப் பார்த்தால்தான் அவள் ரோஷம் இறங்கும். தற்செயலாகப் பார்த்ததாக அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள், பாவம். பார்த்ததும் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவாள், நான் காலில் விழுந்து சமாதானம் செய்து, வெள்ளிக்கிழமை படப்பிடிப்பில் மூன்று கேமரா ஓடும்போது அவளை நேரே அவன் முன்னால் நிறுத்துவேன். இதுதான் திட்டம். உலகத்தில் எந்த நடிகனுக்கும் அப்படி ஒரு சிரிப்பு வந்திருக்காது.

அம்மா என்னைக் கூப்பிடவில்லை. பல் ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு பஸ் ஏறி, தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, "நான் சாகல" என்று குழறியிருக்கிறாள். உங்கள் கான்ஸ்டபிள் குடித்திருக்கிறாளோ என்று மோந்து பார்த்தாராமே. பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போலீசுக்குப் போனாளே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். நீங்கள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

தம்பி வந்துவிட்டான். பக்கத்து அறையில் அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். சுவர் தாண்டி எனக்கே கேட்கிறது. யாராவது படம் பிடித்தீர்களா என்று கேட்டேன். நீங்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்தீர்கள். அவனைப் பார்த்ததும் அம்மா புகாரையே மாற்றிவிட்டாளாம். "ஞாபகம் தப்பிப்போச்சுடா, யாரோ நல்லவங்க வச்சுப் பாத்துக்கிட்டாங்க" என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். சினிமாவே பார்க்காதவள், எங்கே பிடித்தாளோ இந்தக் கதையை. அவனும் நம்பிவிட்டான். "அக்காகிட்ட நீங்க யாரும் சொல்லிடாதீங்க, நான்தான் சொல்லுவேன், பாவம் அவ அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

"இந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டு, தெரியாத மாதிரியே போய் அவரக் கட்டிக்கோங்க. உங்கம்மா அதத்தான் கெஞ்சிக் கேக்கறாங்க" என்றீர்கள். உங்களுக்கு நல்ல மனது. யோசித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டால் மூவரும் வீட்டுக்குப் போகலாம். டப்பாவைக் கூப்பிடுவான். பால்காரர் வீட்டிலிருந்து நாயும் வரும். அவன் சந்தோஷமாக இருப்பான், காதைப் பற்றி எழுதுவான்.

கிழிக்கவில்லை, மேடம். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் விடாமல் அவனிடம் கொடுங்கள். அம்மா தடுப்பாள், அவளைக் கொஞ்சம் வெளியே உட்கார வையுங்கள். அவன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். என்மேல் எழுதினால் இதுவரை எழுதிய அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். படித்து முடித்ததும் எழுத ஏதாவது தேடுவான். நாலு வெள்ளைத் தாள் வையுங்கள், கூடவே இந்தப் பேனாவையும் வையுங்கள். மூடியைக் கடித்துவிடுவான், நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.