புகையில்லா அடுப்பில் அடைகோழி

உத்தனப்பள்ளியில் ஓசூர் பஸ்ஸுக்காக நின்று கால் கடுத்துவிட்டது. காலை பஸ் உச்சிவெயிலுக்கும் வரவில்லை, கேட்கவும் ஆளில்லை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள் மூத்தவளை அண்ணி என்றாள்.

“நாளைக்கி ஆபீசர் வர்றாராம் அண்ணி. உங்க வூட்டுப் புகையில்லா அடுப்பத்தான் பாக்கணுமாம்.”

“அதுல கோழி அடை படுத்திருக்குதே.”

“அடுப்புலயா?”

“பின்ன? புகையெல்லாம் குழாயில வெளிய போச்சு. புகை படாம, மேல தொங்கவுட்ட அவரை வெதையில வண்டு வுழுந்துச்சு. நான் பழைய அடுப்புக்கே போயிட்டேன். இது சும்மா கெடந்துச்சு, கோழி பூந்துக்கிச்சு.”

“கோழிய எறக்கிட்டு பத்த வைங்க. அடுப்பு எரியலேன்னா ஊருக்குக் கெணறு கெடையாதுன்னு சொல்லிட்டாங்க.”

“நாளன்னிக்கிக் குஞ்சு பொரிக்கும். இப்ப எறக்கினா பதினோரு முட்டையும் பாழு.”

“அப்ப கெணறு?”

“மேல களிப்பானைய ஏத்தி, அடுப்பு வாய்க்கு மொறத்த சாத்திடறேன்.”

“கோழி கத்தினா?”

“நீ வந்து பேசிக்கிட்டு நில்லு. ஒண்ணும் கேக்காது.”

இளையவள் சிரிக்கவில்லை. “அவரு குனிஞ்சு பாப்பாரு அண்ணி.”

“பாக்கட்டும். புகை வருதான்னு பாப்பாரு, வராது. கை வச்சுப் பாத்தா சூடாத்தான் இருக்கும்.”