வாய் மூடாத பிரிண்டர்

…பின்னே என்ன தம்பி, கருப்பு வெள்ளைன்னா ரெண்டே நெறம்தானே? அதுல வெள்ளை தாள்லயே கெடக்கு. அப்போ வாங்க வேண்டியது கருப்பு ஒண்ணு. எங்க வீட்டுக்காரரு இந்தப் பிரிண்டருக்குப் பத்து மை வாங்கி வச்சிருக்காரு. பத்து! நீலம் இருக்கு, மஞ்சள் இருக்கு, ரோஸ் இருக்கு. என்னத்துக்கு மனுசான்னு கேட்டா, "நல்ல கருப்பு வரணும்னா எல்லாம் வேணும் முத்துக்கனி"ன்னு சொல்லுகாரு. எங்க கல்யாணத்துக்கு எடுத்த சேலையில கூட இத்தன நெறம் இல்ல கேட்டியளா.

இரிங்க, அந்தக் கசேரயில இரிங்க. எங்க வீட்டுக்காரரு அருமனை ஜங்ஷன் வரை போயிருக்காரு, பழம்பொரி வாங்க. அஞ்சுகிராமத்துல ஸ்டுடியோ வச்சிருக்க ஆளு, அங்கேருந்து டெம்போ பிடிச்சு பிரிண்டர வெலைக்குக் கேட்டு வாறாரு, உங்களுக்கு வெறும் சாயாவா குடுப்பேன்னு கேட்டுட்டுப் போனாரு. பாத்தியளா, விக்கப்போற சாமானத்துக்கு விருந்து! டெம்போவ ரோட்டுலயே போட்டியளா? நல்லது. உள்ள வந்தா ரப்பர் மரம் இடிக்கும்.

அன்னா நிக்கு பாருங்க உங்க சாமானம். அது எங்க மவ சபிதாவுக்க ரூம். அவ மஸ்கட்ல இருந்து லீவுக்கு வந்தா எங்க ஒறங்குவா? கட்டில வெளிய எடுத்துட்டு இத உள்ள வச்சாரு. ஒரு மழக்காலம் பூரா விசாரிச்சு வாங்கினது. சபிதாவுக்கு மாப்பிள பாக்கும்போது இதுல பாதி விசாரிச்சிருந்தா… சரி, அது வேற கத. அவனும் கொள்ளாம், கோவம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

என்ன சொல்லிட்டு வந்தேன்? மை. டை மைன்னு ஒண்ணாம், பிக்மென்ட் மைன்னு ஒண்ணாம். டை மை பாக்கப் பளபளன்னு இருக்கும், சுவத்துல மாட்டினா நாளாக நாளாக வெளுத்துப் போகுமாம். பிக்மென்ட் தாள்ல பிடிச்சா நூறு வருசம் நிக்குமாம். நூறு வருசம் ஆரு நின்னு பாக்கதுக்கு? எனக்கு முட்டு வலியில அரை மணிக்கூறு நிக்க முடியல்ல.

பெறவு கருப்புலயே ரெண்டு கருப்பு உண்டு தெரியுமா? ஓ, உங்களுக்குத் தெரியும். மினுக்கத் தாளுக்கு ஒரு கருப்பு, மினுக்கமில்லாத தாளுக்கு வேற கருப்பு. கூட சாம்பல், அதுக்குத் தங்கச்சியா இளஞ்சாம்பல். "சாம்பல் இல்லேன்னா மூஞ்சி பச்சை அடிக்கும்"னாரு. அது பொய்யில்ல. மொதல்ல ஒரு சின்ன பிரிண்டர் வச்சிருந்தாரு, நாலு மை போட்டது. அதுல எனக்க படத்த அடிச்சாரு. வெயில்ல பாத்தா மூஞ்சி பச்சை, டியூப் லைட்டுல பாத்தா ஊதா. அடுத்த வீட்டு ஜாஸ்மி பாத்துட்டு, "அக்கா, அண்ணன் அடிச்சாரா?"ன்னு பதறிப்போய் கேக்கா. "ஆமாட்டி, பிரிண்டர்ல அடிச்சாரு"ன்னேன்.

சிரிக்காதீங்க தம்பி. ஷார்ஜாவுல ஸ்டுடியோவுல பாதி ஆயுசு போச்சு அவருக்கு. கல்யாண ஆல்பம்தான் முழுக்க. மாப்பிளைக்குக் கன்னத்தச் சிவப்பாக்கணும், பொண்ணுக்குக் கறுப்பக் கொறைக்கணும். திரும்பி வந்த அன்னைக்கே சொன்னாரு, "இனி நெறத்த வச்சுப் பொய் சொல்ல மாட்டேன், கருப்பு வெள்ளையில பெருசு பெருசா அடிக்கப் போறேன்"ன்னு. நான் கொழுப்புன்னு நெனச்சேன்.

ஆனா இந்தப் பெரிய மெஷின் வந்து மொதல்ல ஒரு படம் அடிச்சாரு பாருங்க… சுவத்துல இருக்கே, அதுதான். எங்க ரப்பர் மரம் நிக்க வெளை, மஞ்சு பொகையா எறங்கி நிக்கும்போ. முன்னால உள்ள மரம் நல்ல கருப்பு. பின்னால போகப் போக ஒவ்வொண்ணா கரையுது. கடைசி மரம் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது. தெனமும் நான் ரப்பர் பால் எடுக்கப் போற எடம் தம்பி அது. அங்க இப்படி ஒண்ணு நிக்குன்னு எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பாத்துட்டே நின்னேன். அவருகிட்ட ஒண்ணும் சொல்லல்ல. சொன்னா இன்னும் மை வாங்குவாரு.

பெறவு தொடங்கிச்சு சவம், கோடு. காலையில அடிச்சா ஒரு மை வராது. மறுநாள் வேற மை வராது. படத்துக்குக் குறுக்க வெள்ளைக் கோடு கோடா. கழுவு கழுவுன்னு மெஷினக் கழுவி, மை பூரா அதுவே குடிச்சுட்டு. தாள மாத்தினாரு. மைய மாத்தினாரு. மழ ஈரம்னாரு, ரப்பர் ஷீட்டு காயப்போடுத பொகைன்னாரு. ஒண்ணும் நடக்கல்ல. கடைசியா எனக்கப் படம், வெளையில குடை பிடிச்சுட்டு நிக்கது, வாசல் அளவுக்கு அடிச்சாரு. ஜன்னல் கம்பிக்கு உள்ள நிக்க மாதிரி வந்துச்சு. அத மடிச்சு வச்சுட்டு, "எனக்குக் கை போச்சு முத்துக்கனி, கண்ணும் போச்சு"ன்னாரு. கேமராவ அலமாரிக்கு மேல எறிஞ்சாச்சு. வித்திருவோம்னு போன்ல வெளம்பரமும் போட்டாச்சு.

எனக்கென்ன, போனாப் போட்டு, ரூம் மிச்சம். ஆனா தம்பி… நேத்து மரச்சீனிக் கெழங்குல நான் உப்புப் போட மறந்துட்டேன். ஒரு வார்த்த சொல்லாம தின்னுட்டு எழும்பிப் போறாரு. முந்தின்னா ஊரக் கூட்டிருப்பாரு. அதுதான் எனக்கு மனசுக்குள்ள ஒரு வெப்ராளம்.

அந்தப் பட்டன அமுக்கினா வராது தம்பி, சுவத்துல சுவிட்சு போடணும். நாந்தான் அணைச்சு வச்சிருக்கேன். இந்த மெஷினுக்கு நான் ஒரு கொறையும் வைக்கல்ல, நீங்க தைரியமா வாங்கலாம். மூடி வச்சிருக்கது எனக்க பட்டுச்சேல. ஐப்பசி இடியில ஜாஸ்மி வீட்டு டிவி பொகஞ்சதுல இருந்து எனக்கு ஒரே பயம். இவரு அடிச்சு முடிச்சு, தாளத் தூக்கிட்டு வெளிச்சத்துக்கு ஓடுவாரு. தாள் வெளிய வந்த அந்த நிமிசமே நான் சுவத்துல அணைச்சிருவேன். மெஷின்ல உள்ள பட்டனத் தொட மாட்டேன், வெல கூடின சாமானம். சில நேரம் ஆரும் தொடாமலே கிர்ர் கிர்ர்னு உள்ள ஒரு சத்தம் வரும். கேட்ட ஒடனே ஓடிப்போய் அணைச்சிருவேன். அவரு எழும்பதுக்கு முந்தி திரும்பப் போட்டு வச்சிருவேன். இது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வீட்டுல பெரிய வழக்குதான்.

என்ன தம்பி, மொகம் ஒருமாதிரி போகுது? எதுக்குச் சேலைய ஒதுக்கிட்டு மூடியத் தொறக்கிய? எதக் காட்டுகிய… அந்தக் கறுப்புப் பெட்டியா? ஆமா, நடுவுல நிக்கு. நின்னா என்ன? …மூலையிலயா நிக்கணும்? அங்க என்ன, மெத்த மாதிரி? ரப்பரா! எங்க வெளையில இருந்து போனதா இருக்கும். அதுக்க மேல போயி இருந்தாத்தான் மை வாற துவாரம் மூடுமா? சரி. பட்டன அமுக்கினா அதுவே போயி மூடிக்கிடும்… சரி. அப்போ சுவத்துல அணைச்சா?

நின்ன எடத்துலயே நிக்குமா. வாயத் தொறந்துட்டு.

ராத்திரி பூரா.

வேண்டாம் தம்பி, வெளக்க வேண்டாம். ரப்பர் மரத்துல வெட்டின கோட்டுல பால் காஞ்சு ஒட்டுப்பாலாக் கெடந்தா, அத உரிக்காம மறுநாள் ஒரு சொட்டு வராது. கல்யாணம் கெட்டி வந்த நாள்ல இருந்து ஒட்டுப்பால் உரிக்கேன், எனக்கா தெரியாது? …அப்போ அவரு கழுவக் கழுவ நான் காய வச்சிட்டே இருந்தேனா? அந்தக் கோடெல்லாம் நான் போட்டதா? எனக்க மூஞ்சியில எனக்க கையால?

இதக் கழுவினா சரியாகுமா? உங்களுக்குத் தெரியுமே, ஒருக்கா கழுவிப் பாருங்க தம்பி. சேலைய நான் முழுசா எடுக்கேன், சுவத்துல சுவிட்சையும் போடுதேன். …சத்தம் போடுது. போடட்டு. நான் அணைக்க மாட்டேன், இன்னா கையக் கெட்டிட்டு நிக்கேன். …வருதா? பத்துல எத்தன? எட்டு வந்தாச்சு, ரெண்டு மட்டும் விட்டு விட்டு வருதா? இன்னொருக்கா கழுவுங்க. …மக்கா! எல்லாம் வருதே!

நீங்க போயிட்டு வாங்க தம்பி. இது விக்கதுக்கு இல்ல. வாக்கு அவருதான குடுத்தாரு, நான் குடுக்கல்லியே. டெம்போக்காரனுக்கு உள்ளத நான் தாறேன், ரெண்டு சீப்பு மட்டிப்பழமும் தாறேன். அவரு கேட்டா, ஸ்டுடியோவுல எடம் பத்தாதுன்னு சொல்லுங்க. சுவிட்சு கத மட்டும் சொல்லப்பிடாது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

கேட் சத்தம் கேக்கு. அவருதான். மொகத்த நல்லா வையுங்க… அம்மோ! இடி! எனக்க கை தானாப் போகுது பாருங்க சுவிட்சுக்கு. பட்டன், மொதல்ல பட்டன்! நீங்க அமுக்குங்க. போகுது… போகுது… மூலைக்கு… இருந்துட்டா? மூடிட்டா? இப்போ சுவத்துல அணைக்கலாம் இல்லியா? அணைச்சாச்சு.

இன்னா வாறேன்! நனையாம உள்ள வாங்க! இவருக்கு மெஷின் வேண்டாமாம், கடையில எடம் பத்தாதாம். நல்லதாப் போச்சுன்னு வையுங்க. வெளையில மஞ்சு எறங்குது, கேமராவ எடுங்க.

நானா? நான் என்னத்தச் சொன்னேன் அவருகிட்ட? வந்ததுல இருந்து நான் வாயே தொறக்கல்ல. தம்பிகிட்டயே கேளுங்க. தம்பி… எங்க, தம்பியக் காணல்லியே?