கீழ்வீட்டுக் கிணற்றுத் தேநீர்

தேநீருக்கு இலை முக்கியமில்லை, கேப்டன், தண்ணீர்தான் முக்கியம். நீங்கள் கொடுத்த இந்தக் கோப்பையை வைத்தே சொல்கிறேன், உங்கள் போலீஸ் ஸ்டேஷன் குழாயில் சுண்ணாம்பு அதிகம்.

முப்பது வருடமாகத் தேநீர்க்கடை வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு எர்காஷ் கடைக்காரன்கூட இல்லை. தன் திராட்சைப் பந்தலடியில் சும்மா நாலு பேருக்கு ஊற்றினான், நாலு நாற்பதாயிற்று. "ஒர்திக் அகா, கோவிச்சுக்காதீங்க. எர்காஷ் கிணத்துத் தண்ணிக்கு முன்னால உங்க தேநீர் ஆடு கழுவின தண்ணிதான்" என்று என் கடையில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது பருத்தி உரம் பதினேழு மூட்டை என் கொட்டகையில் தங்கிவிட்டது. அதை அடுத்தவன் கிணற்றில் கொட்டுவது அநாகரிகம். கொட்டகைக்குப் பின்னால் என் மண்ணிலேயே புதைத்து, தண்ணீர் விட்டேன். தெரு வாய்க்கால் என் மகன் ஷோகிர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கும், அங்கிருந்து எர்காஷ் வீட்டுக்கும் இறங்குகிறது. வாய்க்கால் போகும் பக்கம்தான் நிலத்தடி நீரும் போகும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

வாரம் ஒரு மூட்டை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் எர்காஷிடம் போய் ஒரு கோப்பை குடித்துப் பார்ப்பேன். நன்றாகவே இருக்கும். திரும்பி வந்து அடுத்த மூட்டையைப் பிரிப்பேன். பொறுத்தார் பூமி ஆள்வார்.

பத்தாவது மூட்டையின்போது ஷோகிருக்கு மகன் பிறந்தான். மருமகளுக்குப் பால் சுரக்கவில்லை; தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தாள். பதினாறாவது மூட்டையில் குழந்தைக்கு உதடும் நகமும் நீலமாயின. கண்ணேறு என்று மூலிகைப் புகை போட்டது நான்தான். அதில் குறை வைக்கவில்லை.

ஆஸ்பத்திரி சொல்லி, நிலத்தடி நீர் படித்த நஃபீசா என்ற பெண் வந்தாள். தெருவின் ஏழு கிணறுகளிலும் தண்ணீர் எடுத்தாள்.

"அகா, குழந்தை நீலமானது தண்ணியில கலந்த உரத்தாலதான். பருத்திக் காலத்து உரம்னா ஏழு கிணத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இது உங்க மகன் கிணத்துல மட்டும் குவிஞ்சிருக்கு. உங்க கொட்டகைப் பக்கமிருந்துதான் வருது."

"வாய்க்கால் அந்தப் பக்கம் போகலையேம்மா."

"அது மேல. அடியில பழைய ஆத்துப் படுகை இருக்கு. பருத்தி போட மண்ணடிச்சு மூடிட்டாங்க. தண்ணி இன்னும் அது வழியாத்தான் போகுது."

பேரன் இன்னும் ஆக்சிஜன் குழாயோடு கிடக்கிறான். மனம் வலிக்கிறது. தண்ணீர் இப்படித் துரோகம் செய்யும் என்று நான் நினைக்கவில்லை. புதைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்ல வேண்டும், கேப்டன்: எர்காஷ் கிணற்றுக்கு எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது? ஒரு மூட்டை மீதி இருக்கிறது.