எட்டு எண்ணும்வரை

கடல் முனைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான், மேடம். அடுத்தது, எந்தப் பாறையில் நின்றால் படம் நன்றாக வரும் என்று. நாலு வருடமாக இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். என் பெயரை யாரும் கேட்டதில்லை. சிலுவைதாசன், வயது ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருடம் கடலில் மீன் பிடித்தவன்.

வள்ளத்தை விற்ற பிறகு ஊர்க் கமிட்டிக்காரர்கள் என்னை முனையில் காவலுக்கு வைத்தார்கள். ஒரு விசில், ஒரு சிவப்புக் கொடி, கயிறு கட்டிய லாரி டியூப் ஒன்று, இவ்வளவுதான் கொடுத்தார்கள். அது போதும். மேலே நிற்கிறவர்களைக் கடல் ஒன்றும் செய்யாது. காற்று துப்பட்டாவைப் பிடுங்கும், தொப்பியைக் கொண்டுபோகும், அவ்வளவுதான். கீழே மேசை மாதிரித் தட்டையாக ஒரு பாறை இருக்கிறது. அங்கே நின்றால் பின்னால் அலை வெள்ளையாகப் பொங்குவது படத்தில் விழும். எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள்.

ஆனி ஆடியில் அந்தப் பாறைக்குப் பெரிய அலை திடீரென்று வராது. முதலில் தண்ணீர் வலியும், கடலுக்குள்ளே பின்வாங்கிப் போகும். பாறையின் அடியில் இருக்கிற பாசியும் சிப்பியும் வெளியே தெரியும். அதிலிருந்து நிதானமாக எண்ணினால் பத்தில் அலை வந்து அடிக்கும். இரண்டில் விசில் ஊதினால் எல்லாரும் ஏறிவிடலாம். ஐந்தில் ஊதினால் இடுப்புவரை நனைவார்கள். எட்டில் ஊதினால் நேரம் இருக்காது.

முதல் வருடம் முழுக்க நான் இரண்டில்தான் ஊதினேன். வேண்டுமானால் யாரிடமும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏறி வந்தவர்கள் அலை அடித்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என்னைத்தான் முறைப்பார்கள்.

"ஒரு படம் எடுக்க விடமாட்டீரா ஓய்?" என்று ஒருவர் கேட்டார். "சும்மா ஊதி ஊதி மனுசனைப் பேடிக்க வைக்கேரு."

அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.

மயிலாடியில் சிலை கொத்துகிற ராஜகுமார் விழுந்தது என் குற்றமில்லை. அன்று டியூப்பின் கயிறு சிக்கிக் கிடந்தது. குனிந்து பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஆள் தண்ணீரில். யோசிக்காமல் குதித்தேன். தலைமுடியைப் பிடித்து டியூப்பில் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முனை நிறையக் கூட்டம். அவ்வளவு பேரும் கைதட்டினார்கள். ராஜகுமாருக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. என் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றான். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். அவ்வளவு பயந்த ஒரு மனிதன் உங்களைப் பார்க்கிற மாதிரி வேறு யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள்.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். கோயில் திருவிழாவில் பங்குத்தந்தை எனக்குப் பொன்னாடை போர்த்தினார். குவைத்திலிருந்து என் மகன் ஜெனின் ஒன்பது மாதத்துக்குப் பிறகு கூப்பிட்டான். "அப்பா, இஞ்ச கேம்புல எல்லாரும் கண்டாச்சு. எனக்க அப்பான்னு சொன்னேன்," என்றான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் இரண்டில்தான் ஊதினேன். எல்லாரும் ஏறினார்கள், முறைத்தார்கள், போனார்கள். ஜெனினும் கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் ஐந்தில் ஊதினேன். ஒரு குடும்பம் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து எனக்கு நன்றி சொன்னது. அதன் பிறகு எட்டில்.

நான் யாரையும் தள்ளியதில்லை. இதை மட்டும் ஏட்டிடம் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களாக இறங்கினார்கள், அலை தானாக வந்தது, நான் ஊதவும் செய்தேன். விழுந்த ஏழு பேரையும் நான்தான் எடுத்தேன். ஒருவருக்குத் தோள் எலும்பு உடைந்து கை இப்போதும் மேலே எழும்பாது. அவரும் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கேக் அனுப்பினார்.

கவனித்தது ரெஜிலா ஒருத்திதான். பாறைக்குப் பக்கத்தில் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்றுக்கொண்டிருந்தவள்.

"அண்ணே, ஒங்களுக்குக் கண்ணு மங்கிட்டா?" என்று கேட்டாள். "தண்ணி வலிஞ்சத நான் கடையில இருந்தே கண்டேன். நீங்க விசில வாயில வச்சிட்டு சும்மா நிக்கியள."

"காத்துல ஒனக்கு சத்தம் கேக்கல மக்கா," என்றேன்.

மறுநாள் முதல் தண்ணீர் வலிந்தால் அவளே கடையை விட்டு ஓடிவந்து, "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்த ஆரம்பித்தாள். எனக்கு வாழ்க்கையில் கடலைப் பார்த்துப் பயம் வந்ததில்லை. அவள் கண்ணைப் பார்த்துப் பயம் வந்தது. சாப்பிட முடியவில்லை. கமிட்டியில் போய், மாங்காய்த் தோலில் ஜனங்கள் வழுக்குகிறார்கள் என்று சொன்னேன். அவள் கடையை வண்டி நிறுத்துகிற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்து கடல் தெரியாது.

இனி நீங்கள் கேட்ட அந்தப் பெண்ணைப் பற்றி.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை காலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. முனையில் ஒரு ஈ காக்கை இல்லை. குலசேகரத்திலிருந்து ஒரு வேனில் அக்காவும் தங்கையும் வந்தார்கள். பிந்து, சபிதா. டிரைவர் டீ குடிக்கப் படிகளுக்கு மேலே இருக்கிற கடையிலேயே நின்றுவிட்டார். பிந்துவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து அடுத்த வாரம் மஸ்கட்டுக்குப் போகிறாளாம். போவதற்கு முன்னால் கடலோடு ஒரு படம் வேண்டும் என்றாள்.

"அண்ணே, அங்க இறங்கலாமா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"இறங்கலாம் மக்கா. நான் நிக்கேன்லா," என்றேன்.

"வேண்டாம் அக்கா, எனக்குப் பேடியாட்டு இருக்கு," என்று தங்கை அவள் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அண்ணன் நிக்காருல்லா," என்று சிரித்துக்கொண்டே பிந்து இறங்கினாள்.

சபிதா மேலே நின்று போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வலிந்தது. அதுவரை நான் கண்டிராத ஆழத்துக்கு வலிந்தது. பாறையின் வேர்வரை தெரிந்தது. நான் எண்ணினேன். எட்டில் ஊதினேன். பிந்து கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று கேட்கிற மாதிரி.

அலை போன பிறகு பாறை காலியாக இருந்தது. இருபது அடி தள்ளி அவள் தலை தெரிந்தது. கையைத் தூக்கினாள். முதலில் கத்தினாள், பிறகு கத்தவில்லை. வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்ளவே அவளுக்குப் பலம் போதவில்லை. ஆனால் கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை.

"தண்ணியில சாடுங்க அண்ணே," என்று சபிதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அக்காவ எடுங்க. சாடுங்க."

டியூப் என் தோளில்தான் இருந்தது. நான் பின்னால் திரும்பிப் படிகளைப் பார்த்தேன்.

"பொறு," என்றேன். "ஆளுவ வரட்டும்."

உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள். படிகளைப் பார்த்துக் கூக்குரல் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, சட்டையை விட்டுவிட்டாள். நான் ஒரு அடி கிட்டே போனேன். அவள் கீழே விழுந்து, பாறையில் கையை ஊன்றிப் பின்பக்கமாகவே தவழ்ந்து போனாள். அந்த நேரம் அவளுக்குப் பயம் கடலைப் பார்த்து இல்லை, மேடம். அவ்வளவு பயந்த முகம் அதுவரை எனக்கு நன்றியைத்தான் தந்திருக்கிறது. இப்படியும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

டிரைவரும் டீக்கடையிலிருந்து நாலைந்து பேரும் ஓடிவந்தபோது தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது குதித்தேன். மூன்று தடவை முங்கி, பிந்துவைக் கொண்டுவந்தேன். அதை டிரைவர் எடுத்த வீடியோவைத்தான் நீங்களும் பார்த்தீர்கள். அடக்கத்துக்குப் போன இடத்தில் அவளுடைய அப்பா என் கையைப் பிடித்து அழுதார். பிள்ளையின் உடம்பாவது கிடைத்ததே என்றார். சபிதா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தன் போனைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தாள். அதில் ஓரத்தில், தண்ணீர் வலிந்த பிறகும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நான் சும்மா நிற்கிறேன். ரெஜிலாவையும் நீங்கள் விசாரித்துவிட்டீர்கள்.

ஏன் நின்றேன் என்று நீங்கள் கேட்டதற்கு முதலில் முழங்கால் வலி என்று சொன்னேன். பிறகு காற்று என்றேன். இரண்டும் பொய். அன்று என் காலுக்கு ஒன்றுமில்லை, அதைவிடப் பெரிய காற்றில் நீந்தியிருக்கிறேன். அவள் மூன்றாவது தடவை கையைத் தூக்கியபோதுகூடப் போயிருந்தால் உயிரோடு கொண்டுவந்திருப்பேன்.

ஆனால் கொண்டுவந்தால், மேடம், அதைச் சபிதா ஒருத்திதானே பார்த்திருப்பாள்.