கோட்டுக்கு மேலே ஏறிய வெளிச்சம்

என் பெயர் வாணி, வயது இருபத்தொன்பது, கணவர் பெயர் விநாயக், தகப்பனார் பெயர் சம்பங்கி. கோலார் தங்க வயல், சாம்பியன் ரீஃபில், மைன் தொழிலாளிகளுக்குக் கட்டின லைன் வீட்டில் கணவர், மாமியார் கிருஷ்ணம்மா, மூன்று வயது மகள் ஸ்வாதி ஆகியோருடன் குடியிருக்கிறேன். பி.எஸ்சி. படித்திருக்கிறேன், வேலைக்குப் போகவில்லை. கன்னடம் பேசுவேன், வாசிப்பேன், ஆனால் இந்த மாதிரி விஷயத்தை எழுதுகிற அளவுக்குக் கன்னடத்தில் கை வராது. தமிழிலேயே எழுதிக்கொண்டு வாம்மா, இங்கே மாற்றிக்கொள்கிறோம் என்று ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள் சொன்னதன் பேரில், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு என் கையால் இதை எழுதுகிறேன். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. எழுதாதே என்று சொன்னவர்கள் உண்டு, அவர்களைப் பற்றியும் கீழே வருகிறது.

என் கணவருக்குச் சொந்தமாக ஒரு லாரி இருக்கிறது. பங்காருபேட்டை ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை ஏற்றிவந்து இங்கே கடைகளில் இறக்குவது அவர் தொழில். பழைய வண்டி என்பதால் ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் பாரித்து, உள்ளே இருக்கிற தகடு மங்கி, லைட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற நிலைமையில் இருந்தது. போன மழைக்காலத்தில் ரோட்டில் படுத்திருந்த எருமை மேல் ஏற்ற இருந்தேன், கடைசியில் ஒடித்துத் தப்பித்தேன் என்று வந்து சொன்னார். அதற்குப் பிறகு அவர் வண்டி லைனுக்குள் திரும்புகிற சத்தம் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. நல்ல லைட் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு இருவரும் பஜாருக்குப் போனோம். கடைக்காரர் வெள்ளை வெளேரென்று எரிகிற எல்.இ.டி. பல்பைக் காட்டி, "இது போட்டா பகல் மாதிரி இருக்கும்ணா, எதிர்ல வர்றவன் தானா ஒதுங்கிடுவான்" என்றார். அவன் ஏன் ஒதுங்க வேண்டும் என்று நான் கேட்டேன். அந்த பல்பைப் பழைய ஹெட்லைட்டுக்குள் மாட்டினால் வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்காமல் நாலு பக்கமும் சிதறும், ஓட்டுகிறவருக்கு ரோடு தெரிகிறதோ இல்லையோ எதிரே வருகிறவர் கண்ணை நிச்சயம் அவிக்கும் என்று நான் முன்பே போனில் படித்துவைத்திருந்தேன். அதனால் வண்டிக்கு உள்ள அதே வகை பல்பில் நல்லதாக ஒரு ஜோடியும், புது ஹெட்லைட் கூடும் வாங்கினோம். பாதி வெளிச்சம் பழைய ஒயரிலேயே செத்துப்போகிறது என்று எலக்ட்ரீசியன் சொன்னதால், ரிலே என்கிற சுவிட்சை வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான ஒயர் இழுத்தோம். அதிலேயே வெளிச்சம் இரண்டு பங்கு ஆயிற்று.

அதன் பிறகு லைட்டை மட்டம் பார்க்கிற வேலை இருந்தது. எங்கள் லைன் கடைசியில் மைன் கம்பெனி காலத்து ஸ்டோர் ஒன்று கூரை இல்லாமல் நிற்கிறது. அதன் சுவருக்கு எதிரே தரை மட்டமாக இருக்கும். சிமெண்ட் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், காலி வண்டியில் மட்டம் வைத்தால் லோடு ஏறினதும் வெளிச்சம் எதிராளி முகத்துக்குப் போய்விடும் என்பதால், லோடோடு வந்த ஒரு நாள் சாயங்காலம் வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னேன். ஹெட்லைட்டின் நடு உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். வண்டியை இருபத்தைந்து அடி பின்னால் எடுத்து, டிம் போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நிற்கும்வரை அவர் ஸ்குரூவைத் திருகினார். சாக்பீஸ் அழிந்துவிடும் என்று அவரே ஆணியால் அந்தக் கோட்டைக் காரையில் கீறி வைத்தார்.

சுவரில் சரியாக இருந்தால் போதுமா, ஆள் கண்ணுக்கு எப்படி என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்போது என் தகப்பனார் டி.வி.எஸ். மொபெட்டில் அந்தப் பக்கம் வந்தார். அவர் மைனில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர், மைன் மூடின பிறகு பங்காருபேட்டையில் ஒரு அரிசி மில்லில் வாட்ச்மேன் வேலைக்குத் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் போய்க்கொண்டிருந்தார். மேற்படி நாளில் அவரை மொபெட்டோடு லாரிக்கு எதிரே சுவர் ஓரம் உட்கார வைத்து, கண் கூசுகிறதா என்று கேட்டோம். அவர் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க ஊட்டுக்காரன் லைட்டு என் நெஞ்சோட நின்னுக்கிச்சு, மூஞ்சிக்கு வரல" என்றார். என் கணவர் சிரித்தார். ஸ்வாதி தாத்தாவின் சட்டைமேல் விழுந்த வெளிச்சத்தைக் கையால் வழித்து எடுக்கப் பார்த்தாள்.

அதன் பிறகு கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவருக்கு ரோடு நன்றாகத் தெரிந்தது, எதிரே வருபவர்களும் திட்டவில்லை. பிறகு கூட்ஸ் ஷெட்டில் மற்ற டிரைவர்கள், "இன்னா விநாயக், அகல் வெளக்கு ஏத்தினு வர்றியா" என்று கிண்டல் செய்வதாகச் சொன்னார். அவர்கள் எல்லோரும் அந்த வெள்ளை பல்பை மாட்டி, டிம்மும் போடாமல் வருகிறார்கள், என் கண்தான் அவிகிறது என்றார். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் வண்டி லைனுக்குள் திரும்பும்போது ஸ்டோர் சுவரில் வெளிச்சம் கோட்டைத் தாண்டி, சுவருக்கும் மேலே ஏறி, பின்னால் இருக்கிற வேப்ப மரத்து இலையில் விழுந்ததைப் பார்த்தேன். ஸ்குரூவை மேலே திருகினீர்களா என்று கேட்டதற்கு, "எவனும் எறக்கல. நான் மட்டும் எறக்கினு போனா நான்தான் பள்ளத்துல போவணும்" என்றார். நீங்கள் ஏற்றினால் இன்னொருவர் போவார் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த நேரத்தில், என் தகப்பனார் மேற்படி மொபெட்டில் பங்காருபேட்டை ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ரூபேஷ் என்பவர் காரில் வந்தார். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகப் பதிவு செய்யப்பட்டிருப்பவர் அவர்தான். அவரை எனக்கு முன்பின் தெரியாது. டெய்சி என்பவர் பெட்டிக்கடை வைத்திருக்கிற வளைவில் எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்திருக்கிறது. என் தகப்பனாருக்குக் கண் இருண்டுவிட்டது. அவர் ஓரம் கட்டவில்லை. ரோட்டில் எங்கே இருந்தாரோ அங்கேயே பிரேக் பிடித்து, இன்ஜினை அணைத்து, காலை ஊன்றி நின்றுவிட்டார். அதே வெளிச்சத்தில் ரூபேஷுக்கும் முன்னால் நிற்பவர் தெரியாமல், கார் அவர்மேல் மோதியது. லாரி நிற்காமல் போய்விட்டது.

மோதினவரே என் தகப்பனாரைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு கோலார் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் போய்ச் சேர்ந்தபோது ரூபேஷின் சட்டை முழுக்க ரத்தம். வழியெல்லாம் பெரியவர் "எதிர்ல லாரி லைட்டு, எதிர்ல லாரி லைட்டு" என்றே சொல்லிக்கொண்டு வந்தார் என்று அவர் என்னிடம் சொன்னார். மறுநாள் என் தகப்பனாரின் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

ரோட்டு நடுவில் எந்தப் பைத்தியக்காரனாவது நிற்பானா, ஓரம் கட்ட வேண்டாமா என்று ஸ்டேஷனில் கேட்கப்பட்டது. நானும் அதைத்தான் என் தகப்பனாரிடம் கேட்டேன். அவர், "லைட்டு போச்சுன்னா நின்ன எடத்துலயே நிக்கணும்மா. இன்னொருத்தன் லைட்டு வர்ற வரைக்கும் அடி எடுத்து வைக்கக் கூடாது. கால் தானா நின்னுடுச்சு" என்றார். தன்னோடு ஒரே ஷிஃப்டுக்கு இறங்கி, மைனில் தலைவிளக்கு அணைந்து, ஒரு எட்டு தள்ளி வைத்ததால் குழிக்குள் போனவரை என் தகப்பனார் அறிவார். மேலே ரோட்டில் அது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் அதைக் கவனக்குறைவு என்று எழுதினால் அது பொய். கண் தெரியாத நேரத்தில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் செய்தார்.

அதன் பிறகு என் கணவர் இளநீர் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் தலைமாட்டுக்கு வராமல், கால் இல்லாத பக்கமும் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து நின்றார். நான் மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் இருவரும் பேசியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் போலீஸ் வந்து கேட்டபோது என் தகப்பனார், லாரி எதுவும் வரவில்லை, தலை சுற்றியது, நானாகத்தான் நின்றேன், யார்மேலும் குறை இல்லை என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். அவருக்குக் கையெழுத்துப் போட வரும். ஏன் கைநாட்டு வைத்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை; பொய்க்குக் கீழே தன் பெயரை எழுத அவர் விரும்பவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் நான் டெய்சி அக்கா கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "நம்பரு பார்க்கல வாணி. பின்னால உன் பொண்ணு பேரைத்தான் பார்த்தேன்" என்றார். எங்கள் லாரியின் பின் பலகையில் ஸ்வாதி என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது. ஸ்வாதி பிறந்த வருஷம் எழுதினது.

வீட்டுக்கு வந்து என் கணவரைக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. எதிரே யாரோ நின்றதும், பின்னால் கார் மோதின சத்தமும் தெரிந்தது, கண்ணாடியில் பார்த்தேன், லோடு இருந்தது, கூட்டம் சேர்ந்தால் அடிப்பார்கள் என்று போய்விட்டேன் என்றார். அதன் பிறகு அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "மாமான்னு தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன், வாணி." எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார். இந்த மனிதரோடு நான் குடும்பம் நடத்துகிறேன், கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வராது. ஆனால் தெரியாத ஒருவராக இருந்தால் போகலாம் என்று அதற்கு அர்த்தம். அந்தத் தெரியாத ஒருவராகத்தான் அந்த நேரத்தில் என் தகப்பனார் ரோட்டில் கிடந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் ஸ்குரூடிரைவர் எடுத்துப்போய் வண்டியை ஸ்டோர் சுவருக்கு எதிரே நிறுத்தி, இரண்டு லைட்டையும் மறுபடி கோட்டுக்குக் கீழே இறக்கினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். வேலை சுத்தமாகச் செய்தார். இனி யார் வந்து சோதித்தாலும் அந்த வண்டியின் லைட் சட்டப்படிதான் இருக்கும்.

நான் ஸ்டேஷனுக்குப் போகப் போகிறேன் என்று தெரிந்ததும் என் மாமியார், "உங்கப்பனே கம்முனு கீறான், உனக்கு இன்னாடி வந்துச்சு" என்று கேட்டார். லைசென்ஸ் போனால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் உன் பிள்ளைக்குத்தான் என்றார். அது உண்மை. என் தகப்பனாரிடமும் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "உம் பொண்ணு பேரை வண்டில எழுதி வச்சிகீறான்மா" என்றார்.

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்வாதி வருகிற வருஷம் பள்ளிக்கூடம் போகிறாள். முதலில் கற்றுக்கொடுக்கப்போவது அவள் பேரை எழுதத்தான். பிறகு அந்தப் பலகையில் இருப்பதை அவளே படிப்பாள்.

ஆகவே, என் தகப்பனார் சம்பங்கி தாமாகக் கவனக்குறைவாக நிற்கவில்லை என்றும், ரூபேஷ் என்பவருக்கும் அதே வெளிச்சத்தில்தான் கண் தெரியாமல் போயிற்று என்றும், எதிரே வந்தது என் கணவர் விநாயக் ஓட்டிய எங்கள் லாரிதான் என்றும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதியிருக்கிறேன். இதில் கூட்டியதும் இல்லை, எவருக்காகவும் குறைத்ததும் இல்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வி. வாணி

பின்குறிப்பு: இதை எழுதி முடித்த பிறகு சேர்ப்பது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரும் தொடாத அந்த ஸ்டோர் சுவருக்குப் பொங்கலுக்காக என்று என் மாமியார் சுண்ணாம்பு வாங்கி ஊற வைத்திருக்கிறார். காரை பூசி வெள்ளையடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது. கீறின கோடும் அதற்கு மேலே இருக்கிற வேப்ப மரமும் எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டுமானால், தயவுசெய்து அதற்கு முன் வரவும்.